மைல்கல் சொல்லும் வழி

கேள்வி: காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்குப் பஸ்ஸில் போகிறோம். வழியில் என் பத்து வயது மகனுக்கு எதைக் காட்டலாம்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஜன்னலோர இருக்கையை அவனுக்கே கொடுத்துவிடுங்கள், அம்மா. முதலில் மைல்கற்களைக் காட்டுங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எண் போட்ட குட்டிக் கற்கள் வரும். ஒவ்வொன்றும் 200 மீட்டர். என் தந்தை சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்கார வைத்து இந்தக் கற்களில்தான் இரட்டைப்படை எண் சொல்லிக்கொடுத்தார். இன்றும் எந்தச் சாலையில் போனாலும் என் கண் அவற்றைத்தான் தேடுகிறது.

சுமார் 10 கி.மீ. போனதும் குன்றக்குடி. மயில் வடிவில் இருப்பதாகச் சொல்லப்படும் மலையின் மேல் சண்முகநாதர் கோயில். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் கூடிப் பழனிக்கு நடக்கத் தொடங்குவது இங்கிருந்துதான். அந்த நாட்களில் போனால் சாலையோரம் முழுக்கக் காவிகளும் வெறுங்கால்களும்தான். அதை அவன் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்து பிள்ளையார்பட்டி. இறங்கித் தரிசித்துவிட்டே போங்கள். குடைவரையில் வடக்கு நோக்கி அமர்ந்த கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள், துதிக்கை வலம்புரி. மகனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு கண்மாய்களும் கருவேலங்காடும். முடிவில் திருப்பத்தூர், 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர். அங்கே இறங்கியதும் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.