27-இன் அடுக்கில் 2/3 வந்தால் எப்படிச் சுருக்குவது?

அடுக்கில் பின்னம் இருந்தால், கீழே உள்ள எண் எத்தனையாவது மூலம் என்று சொல்லும். மேலே உள்ளது வழக்கமான அடுக்கு. 27^(2/3) என்றால் 27-இன் கனமூலம் 3, அதன் வர்க்கம் 9. முதலில் வர்க்கமாக்கினாலும் விடை அதேதான். ஆனால் 729-க்குக் கனமூலம் தேடி அலைய வேண்டும், வீண் வேலை. எழுத்து வந்தாலும் இதே கதைதான்: (16x^8)^(3/4) = 8x^6.

சரி, ஏன் அப்படி? ஒரே எண்ணின் அடுக்குகளைப் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டுகிறோம். அந்த விதி பின்னத்துக்கும் பொருந்த வேண்டுமானால் 9^(1/2) × 9^(1/2) = 9^1. தன்னைத் தானே பெருக்கி 9 தருவது 3. ஆக, அரை அடுக்கு வர்க்கமூலமாகத்தான் இருந்தாக வேண்டும்.

இசையிலும் பின்ன அடுக்கு வரும். இசைக் கீபோர்டில் ஒரு ஸ-விலிருந்து மேல் ஸ-வுக்கு 12 கட்டை. அதற்குள் அதிர்வெண் இரட்டிப்பாகிவிடும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே மடங்கு ஏற வேண்டும் என்றால் அந்த மடங்கு 2^(1/12), சுமார் 1.059. பாதி வழியில், ஆறாவது கட்டையில், 2^(1/2), அதாவது சுமார் 1.414 மடங்கு, 1.5 இல்லை.

பலர் 27^(2/3)-ஐ 27 × 2/3 என்று பெருக்கி 18 என எழுதிவிடுகிறார்கள். அடுக்கில் இருப்பது பெருக்க வேண்டிய எண் அல்ல.