பந்து யார் பக்கம் இருக்கிறது?

தம்பி, லெஸ்டருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, மீட்டிங்கில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரிகிறது, ஆனால் என்ன சொல்ல வருகிறார்கள் என்பது பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆங்கிலப் பழமொழிகளையும் மரபுத்தொடர்களையும் பட்டியல் எடுத்து மனப்பாடம் செய்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இங்கிலாந்துக்கு வந்து 19 வருடமாகிறது. எனக்குப் பட்டியல் ஒருநாளும் கைகொடுக்கவில்லை.

முதல் வருடம் என் மேலாளர் ஒரு மெயிலின் கடைசியில் 'த பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்று எழுதியிருந்தார். வேலை நல்லபடியாகப் போகிறது என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, அவருடைய அடுத்த மெயிலுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். டென்னிஸில் பந்து வலையைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டால் திருப்பி அடிக்க வேண்டியது நாம்தானே? 'இனி உன் முறை' என்பதுதான் அதன் பொருள். கெடு தவறி, எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினேன். உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

இந்தத் தொடர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள் செய்த வேலையிலிருந்தும் ஆடிய ஆட்டத்திலிருந்தும் வந்தவை. அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் தொடர் தானாகவே மனதில் தங்கிவிடும்.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவை உங்களுக்குச் சுலபம். 'க்ளோஸ் ஆஃப் ப்ளே'க்குள் அறிக்கை வேண்டும் என்றால் இன்று வேலை முடிவதற்குள் வேண்டும். 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலைமை. முன்பெல்லாம் மழை வந்தால் பிட்சை மூட மாட்டார்கள். நனைந்த பிட்ச் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும், எப்படித் திரும்பும் என்று பேட்ஸ்மேனால் கணிக்கவே முடியாது.

அப்புறம் கடல். 'பை அண்ட் லார்ஜ்' என்று ஒரு நாளில் பத்து தடவையாவது கேட்டிருப்பீர்கள். பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சு அது. காற்று வரும் திசையை ஒட்டிக் கப்பலைச் செலுத்துவது 'பை'; காற்றைப் பின்பக்கமாக வாங்கிக்கொண்டு போவது 'லார்ஜ்'. இரண்டு விதத்திலும் நன்றாக ஓடுகிற கப்பல், எப்படிப் பார்த்தாலும் நல்ல கப்பல். 'மொத்தத்தில்' என்ற பொருள் அங்கிருந்து வந்தது. திடீரென்று எதிர்க்காற்று அடித்துப் பாய்கள் பாய்மரத்தோடு ஒட்டிக்கொண்டால் கப்பல் 'டேக்கன் அபேக்' ஆனது என்பார்கள். இன்று திகைத்துப்போன மனிதரைப் பற்றி அப்படிச் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வைக்கோல் பழமொழிதான்: 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்'. 1546இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது. புல்லை அறுத்து வயலிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் மாடுகளுக்கு அதுதான் தீவனம். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் புல் பூஞ்சணம் பூத்துக் கெட்டுவிடும். நாம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறோம். நம் களத்தில் வெயிலுக்குக் குறைவே இல்லை. பதரைப் பிரிக்கக் காற்றுக்குத்தான் காத்திருந்தோம். இங்கே வெயில்தான் வரம். ஒரு ஜூன் மாதத்தை இங்கே கழித்துப் பாருங்கள், அந்தப் பழமொழியின் அவசரம் உங்களுக்கே தெரியும்.

'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' நம் கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். டைன் நதிக்கரையிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் லண்டனுக்குக் கரி போன ஊர் அது. என்னோடு வேலை பார்த்த நியூகாசில்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, சுரங்கத்தில் வேலை செய்த தன் தாத்தாவைப் பற்றி ஒரு மதிய உணவு நேரம் முழுக்கப் பேசினார். எங்கள் நட்பு அன்றுதான் தொடங்கியது. 'அப்படி என்றால் என்ன?' என்று கேட்பதில் வெட்கமே இல்லை தம்பி. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஆனால் ஒலியை வைத்து நீங்களாகவே பொருள் கட்டாதீர்கள். 'கரி ஃபேவர்' என்றால் காரியத்துக்காகக் குழைவது. அதில் நம் கறி இல்லை. குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கும் ஆங்கிலத்தில் 'கரி' என்றுதான் பெயர், அந்தக் 'கரி' அது. 1310களில் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சு அங்கதக் கவிதையில் ஃபோவெல் என்று ஒரு குதிரை வரும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு அதைத் தடவிக்கொடுப்பார்கள். அந்த 'ஃபோவெல்' ஆங்கிலேயர் வாயில் 'ஃபேவர்' ஆகிவிட்டது.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற மூலக் கதைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்பது கட்டுக்கதை. பள்ளியில் நாம் படித்த அந்தத் தொடரை இங்கே பேச்சில் நான் கேட்பதே அபூர்வம். கொட்டுகிற மழையை 'சக்கிங் இட் டவுன்' என்பார்கள்.

ஒரு தொடரை இரண்டு மூன்று பேர் வாயில் கேட்ட பிறகு நீங்கள் பயன்படுத்துங்கள், அதுவரை காதில் மட்டும் வைத்திருங்கள். இந்த வார மீட்டிங்கில் புரியாதது ஏதாவது வந்தால், யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேர்ந்தே பார்ப்போம்.