நழுவாத குஞ்சலம் வீட்டிலேயே கட்டலாம்

"மகளுக்கு ஒன்பது வயது. போன நவராத்திரிக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கடையில் வாங்கிய குஞ்சலம் வைத்துப் பின்னிவிட்டேன். நாலு வீட்டுக் கொலு பார்த்துத் திரும்புவதற்குள் மூன்று முறை நழுவியது, முடி இழுக்கிறது என்று அழுதாள், ஒரு மணி கழன்று எங்கேயோ விழுந்தும் போனது. இந்த வருஷம் அவளையும் உட்காரவைத்து வீட்டிலேயே செய்யலாமா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். தலைச்சாமான்களில் சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம் எல்லாம் நகைக் கைவினைஞர் செய்ய வேண்டியவை. நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு, அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டினால் அந்த அழகு வராது. நூல் குஞ்சலம் அப்படியில்லை. வீட்டில் கட்டினாலும் அது அசல் குஞ்சலம்தான், அதனால்தான் குழந்தைகளோடு செய்ய இதை முதலில் சொல்வேன்.

சரி, ஏன் நழுவியது? கடைக் குஞ்சலத்தின் கயிறு பெரும்பாலும் பளபளக்கிற செயற்கைப் பட்டு நூல். தலைக்குக் குளித்துக் காயவைத்த பிள்ளையின் முடியும் வழுக்கும். வழுக்குகிற இரண்டைச் சேர்த்துப் பின்னி, கீழே கனமான குண்டுகளைத் தொங்கவிட்டால் நிற்குமா? கயிறு முடியைப் பிடிக்க வேண்டும், நுனி லேசாக இருக்க வேண்டும், இந்த இரண்டையும் சரிசெய்தால் போதும்.

கயிற்றுக்குக் கறுப்புக் கம்பளி நூல் எடுங்கள், ஸ்வெட்டர் பின்னுகிற சாதாரண நூலே போதும். அதில் இருக்கிற சொரசொரப்புதான் முடியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு இழைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மெல்லிய பின்னலாகப் பின்னுங்கள், பின்னி முடித்தபின் 30 செ.மீ. இருக்கட்டும். இப்படி மூன்று. மேல்முனைகளைச் சேர்த்து ஒரே முடிச்சு, அதிலேயே ஒரு ஹேர்பின் நுழைகிற அளவுக்குச் சின்ன வளையம்.

குஞ்சத்துக்குப் பருத்தி எம்ப்ராய்டரி நூல். 8 மீட்டர் கட்டு ஒன்றை 8 செ.மீ. அகல அட்டையில் சுற்றினால் சுமார் ஐம்பது சுற்று வரும், வெட்டியதும் நூறு நுனி. ஒரு குஞ்சத்துக்கு அது தாராளம், மூன்றுக்கு மூன்று கட்டு. சுற்றுகிற வேலையை மகளிடம் கொடுங்கள். ஆனால் பிள்ளைகள் இறுக்கிச் சுற்றி அட்டையை வளைத்துவிடுவார்கள், அப்போது நூல் நீளம் ஏறுக்குமாறாகிவிடும், ஆகையால் தடித்த அட்டையாகக் கொடுங்கள்.

கட்டுவதற்கு முன்னாலேயே கயிற்றின் கீழ்நுனியில் ஒரு மரமணியைக் கோத்துவிடுங்கள், அப்புறம் கோக்க முடியாது. துளை பெரிதான மணியாகப் பார்த்து வாங்குங்கள். கயிற்று நுனியை அட்டை விளிம்பில் நூல்களுக்கு அடியில் நுழைத்து மடித்து, மடித்த இடத்தைப் பருத்தி நூலால் இரண்டு முறை இறுக்கி முடியுங்கள். கம்பளியை மட்டும் நம்பி முடிந்தால் அது நீண்டு கொடுத்து நாளடைவில் தளர்ந்துவிடும். எதிர்விளிம்பை வெட்டி, உச்சியிலிருந்து ஒரு செ.மீ. கீழே கழுத்து மாதிரி ஜரிகை நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி, நுனியை ஊசியால் உள்ளே தள்ளிவிடுங்கள். மணியை மேலிருந்து இறக்கி உட்காரவைத்து, அது ஏறாதபடி மணிக்கு மேலேயும் நூலால் ஒரு கட்டுப் போடுங்கள்.

பசை எங்கேயுமே வேண்டாம். பசை காய்ந்து இறுகிய இடம் பின்னலில் வளையும்போது விரியும். உங்கள் மணி எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் ஒட்டிய மணிகள் கழலுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மரமணி கிடைக்காமல் தெர்மாகோல் உருண்டையில் நூல் சுற்றுவதானால் மட்டும் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தடவலாம். செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், அதைத் தொடாதீர்கள்.

நூல் சுருண்டு நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இட்லிப் பானை ஆவியில் ஒரு நிமிஷம் காட்டி, சீப்பால் வாரி, காகிதத்தை இறுக்கமாகச் சுற்றி, காகித விளிம்பையொட்டிக் கத்தரித்தால் கடையில் வாங்கியது போல நேராக நிற்கும். வாருவதை அவள் செய்யட்டும், ஆவியும் கத்தரியும் உங்களிடம் இருக்கட்டும்.

சிவப்பு நூல் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரம், வியர்வை இரண்டும் பட்டால் சாயம் பாவாடையில் இறங்கிவிடும், பட்டில் பட்ட கறையை எடுப்பது பெரும்பாடு. கட்டுவதற்கு முந்தின நாளே நூலை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள், சாயம் விட்டால் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவையுங்கள், அலசி அலசியும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்த நூலே வேண்டாம்.

வைக்கிற விதமும் முக்கியம். பாதி ஜடையைச் சாதாரணமாகப் பின்னி, அங்கே முடிச்சைப் பின்னலின் உள்பக்கம் வைத்து வளையத்தில் பின் குத்துங்கள். பின்னலின் மூன்று கால்களில் (பிரிகளில்) ஒவ்வொன்றோடும் ஒரு கயிற்றைச் சேர்த்து, முடி தீரும்வரை இறுக்கிப் பின்னி ரப்பர் பேண்ட் போடுங்கள். பாரம் மூன்று காலுக்கும் பிரிந்துவிடுவதால் இழுக்காது. நான் கட்டுகிற குஞ்சலங்கள் மரமணியோடு சேர்த்து 20 கிராமுக்குள்தான் நிற்கும். தோள்வரைதான் முடி என்றால் ஒற்றைக் குஞ்சம் போதும், சின்னப் பிள்ளைக்குச் சவுரி வைத்து நீட்ட வேண்டாம்.

மிச்ச நூலை எறியாதீர்கள். 2 செ.மீ. அட்டையில் பதினைந்து சுற்றுச் சுற்றினால் கொலுவில் வைக்கிற மரப்பாச்சிக்கும் ஒரு குஞ்சலம் ஆகிவிடும். அதற்குக் கம்பளி வேண்டாம், கறுப்புத் தையல் நூலில் சின்னதாக ஒரு ஜடை பின்னி, மரப்பாச்சியின் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கட்டிவிட்டால் போதும்.