பம்பின் கட்அவே படம்: எதை வெட்டுவது, எதை விடுவது?

கேள்வி: பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். ஆய்வகச் சுவரில் மாட்ட மோனோபிளாக் பம்பின் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் சேர்ந்தது) கட்அவே படம், அதாவது வெளிக்கூட்டைத் திறந்து உள்பாகங்களைக் காட்டும் படம், ஒன்று தயாரிக்கிறேன். மென்பொருளில் மாடலை நடுவே வெட்டி அச்செடுத்தால் மாணவர்களுக்குப் பிடிபடவில்லை. 1950களில் கையால் வரைந்த படங்கள் மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக இருக்கின்றன?

பதில்: நடுவே வெட்டியதுதான் சிக்கல். மென்பொருள் எதிரே வருவதையெல்லாம் ஒரே தளத்தில் அறுத்துவிடுகிறது. ஷாஃப்ட் பாதி, ரோட்டார் பாதி, பேரிங் பாதி என்று எதுவுமே முழு உருவமாகத் தெரியாது. ஷாஃப்ட், போல்ட், கீ (ஷாஃப்டில் சக்கரத்தைப் பிணைக்கும் ஆப்பு) போன்றவற்றை நீளவாக்கில் வெட்டிக் காட்டுவதில்லை என்று நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பழைய ஓவியர்கள் அதை இன்னும் தாராளமாகக் கடைப்பிடித்தார்கள். மூடியிருப்பதைத் திறந்தார்கள், இயங்குவதை முழுசாக விட்டார்கள்.

1950 ஏப்ரலில் பிரிட்டனில் தொடங்கிய 'ஈகிள்' சிறுவர் இதழுக்கு எல். ஆஷ்வெல் வுட் வரைந்த நடுப்பக்கப் படங்களைத் தேடிப் பாருங்கள். 'ஃப்ளைட்' விமான இதழின் மேக்ஸ் மில்லர் படங்களையும் பாருங்கள். எனக்கு அதிகம் பிடித்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் சோல்டெஸ். ஆர்ம்ஸ்ட்ராங் கார்க் நிறுவன விளம்பரங்களுக்காக ஹோட்டல், மருத்துவமனை என்று முழுக் கட்டிடங்களையே திறந்து வரைந்தவர். அந்த நிறுவனம் விற்றது குழாய்களுக்கான இன்சுலேஷன், அதாவது சுவருக்குள் மறைந்து கிடக்கும் சரக்கு. எதைக் காட்ட வேண்டும் என்பது பென்சிலை எடுக்கும் முன்பே முடிவாகியிருந்தது.

உங்கள் படத்தில் அது தண்ணீரின் வழி. சக்ஷன் பக்கமாக, சற்றே மேலிருந்து பார்க்கும் கோணத்தை எடுங்கள். உள்ளே வரும் வாயும் மேலே போகும் டெலிவரியும் ஒரே பார்வையில் அகப்படும். கேசிங்கின் (பம்பின் வெளிக்கூடு) முன்புறத்தில் கால்வாசியை மட்டும் எடுங்கள், குழாயை இணைக்கும் டெலிவரி ஃபிளாஞ்சைத் தொடாதீர்கள். தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இரு பக்கமும் மூடிய வகை என்றால் ஒரு விதிவிலக்கு தேவை: முன் தட்டில் ஒரு துண்டை நீக்கினால்தான் இதழ்களின் வளைவு தெரியும்.

மோட்டார் பக்கம் படிப்படியாக உள்ளே போங்கள். பாடியில் பெரிய திறப்பு, ஸ்டேட்டரில் (சுழலாத சுருள் பகுதி) அதைவிடச் சின்னது, சுழலும் ரோட்டாரும் ஷாஃப்டும் முழுசு. கடைசியில் ஃபேன் கவர் அப்படியே இருக்கட்டும். வெளி உருவம் கொஞ்சம் மிச்சமிருந்தால்தான் தாங்கள் தினமும் பார்க்கும் பம்ப் இதுதான் என்று பையன்களுக்குத் தெரியும். ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் இந்த அளவில் புள்ளியாகிவிடும். அதை ஓரத்தில் பெரிதாக்கித் தனியே வரையுங்கள்.

மென்பொருளை ஒதுக்க வேண்டாம். வெட்டுத் தளத்திலிருந்து குறிப்பிட்ட பாகங்களை விலக்கிவைக்கும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. அதில் கோடுகளை எடுத்து, அதன் மேல் கையால் வரையலாம். கைவேலை சறுக்கும் இடம் நீள்வட்டங்கள். ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வட்டத்துக்கும் நீள்வட்டத்தின் குறுகிய அச்சு ஷாஃப்டின் கோட்டோடு பொருந்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சக்கரம் கோணலாகிவிடும். ஐசோமெட்ரிக் (மூன்று அச்சுகளும் சமமாகச் சாய்ந்த) படம் என்றால் 35 டிகிரி நீள்வட்ட டெம்பிளேட் போதும்.

வெட்டிய முகங்களுக்கெல்லாம் ஒரே நிறம் கொடுங்கள். காட்சிக்கு வைக்கும் வெட்டு எஞ்சின்களில் அடிக்கும் சிவப்பே நல்லது. பாகங்களின் பெயரைப் படத்தின் மேல் எழுதாமல் எண் போட்டுப் பட்டியலை ஓரத்தில் வையுங்கள், ஆஷ்வெல் வுட் செய்தது போல.

எண்களைப் போடும் முன் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, தண்ணீர் போகும் வழியை விரலால் காட்டச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே கேசிங்கை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும்.