1908-இல் தெற்கு சும்மாவா இருந்தது?

கேள்வி: என் மகளுக்குப் பள்ளியில் ‘1908-இல் இந்தியா’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குதிராம் போஸ், திலகர் இருவரைப் பற்றியும் எழுதிவிட்டோம். தெற்கே அந்த வருஷம் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லைதானே?

பதில்: நடந்தது. அதுவும் திலகருக்கு முன்பே நடந்தது.

குதிராமை விட்டுவிடச் சொல்லவில்லை. வெடிகுண்டு வீசிய வழக்கில் பதினெட்டு வயதுப் பையனை ஆகஸ்ட் 11 அன்று முசாபர்பூரில் தூக்கில் போட்டார்கள். அந்தக் குண்டுவீச்சை ஒட்டித் தன் ‘கேசரி’ பத்திரிகையில் எழுதியதற்காக ஜூலை 22 அன்று திலகருக்கு ஆறு வருஷ தண்டனை கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு நாள் என்று பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு தலைவருக்காகத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்ததற்குப் பாடப்புத்தகங்கள் இதைத்தான் காட்டும்.

ஆனால் தூத்துக்குடியைப் பாருங்கள். பிப்ரவரி 27 அன்று கோரல் மில் என்ற நூற்பாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று கேட்டார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஊரும் நின்றது. தொழிலாளர்களைக் குறை சொல்லிப் பேசிய ஒரு வக்கீலுக்கு முகம் வழித்துக்கொண்டிருந்த நாவிதர், பாதியிலேயே கத்தியை மடக்கிவிட்டுப் போய்விட்டார். மேடை ஏறாத, கொடி பிடிக்காத அந்த மனிதர் பெயர் உங்கள் மகளின் புத்தகத்தில் இருக்காது. எனக்கோ அந்த வருஷம் என்றாலே அவர் முகம்தான் முதலில் வருகிறது. பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது.

வெற்றியின் சூடு ஆறுவதற்குள், மார்ச் 12 அன்று திருநெல்வேலியில் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் நெல்லை பற்றி எரிந்தது. நகரசபை அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் அதே கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல, கைதானவர்களுக்காக. பம்பாய்க்கு நான்கு மாதம் முந்தி!

அப்புறம் ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது வருஷம். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் வரை சிறைதான். கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். அந்த வருஷமே பாரதியும் புதுச்சேரிக்குப் போய், அக்டோபரிலிருந்து ‘இந்தியா’ பத்திரிகையை அங்கிருந்து கொண்டுவந்தார்.

கட்டுரையை இன்னும் கொடுக்கவில்லை என்றால், திலகர் பத்திக்கு மேலே ஒரு பத்திக்கு இடம் விடச் சொல்லுங்கள். மார்ச், தூத்துக்குடி என்று தொடங்கட்டும். அந்த நாவிதரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.