எலுமிச்சை நுனியிலிருந்து காய்கிறதா? கொழுந்து இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள்

புளியங்குடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: “ஆறு வயது எலுமிச்சை. பதினைந்து மரம் நுனியிலிருந்து காய்கிறது, காயும் சிறுத்துவிட்டது. கடையில் கொடுத்த வைரஸ் மருந்தை மூன்று தடவை அடித்தும் கேட்கவில்லை. என்ன செய்ய?”

அண்ணாச்சி, நான்காவது தடவை அடிக்காதீர்கள். மரத்துக்குள் போன வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது.

முதலில் நோய் எதுவென்று பார்ப்போம். கொழுந்து இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். நரம்பில் அங்கங்கே சின்னக் கீறல் போல வெளிச்சம் ஊடுருவினால் எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் டிரிஸ்டீசா என்ற வைரஸாக இருக்கலாம். அப்புறம் விரல் தடிமனில் ஒரு குச்சியை வெட்டிப் பட்டையை உரியுங்கள். கட்டையில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். நரம்பு பச்சையாக இருந்து நரம்புகளுக்கு நடுவில் மட்டும் வெளுத்திருந்தால் அது துத்தநாகச் சத்துக் குறையாக இருக்கலாம். குழியே இல்லாவிட்டால் தூரைத் தோண்டி வேர் அழுகலா என்று பாருங்கள். வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு இலையும் குச்சியும் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

டிரிஸ்டீசாதான் என்றால், பாதிக்கு மேல் காய்ந்த மரங்களைத் தூரோடு எடுத்துவிடுங்கள். காய்க்கிற மரத்தை வெட்ட வேண்டாம். பட்ட குச்சிகளைக் கவாத்து செய்து வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுங்கள். தொழுவுரம், துளிர் சமயத்தில் துத்தநாகத் தெளிப்பு, தண்ணீர் தவறாமல் இருந்தால் இன்னும் பல வருஷம் காய்ப்பு எடுக்கலாம். அரிவாளால் இந்த வைரஸ் பெரிதாகப் பரவாது. ஆனால் சொறிநோய் பரவும், அதனால் மரத்துக்கு மரம் துடைத்துக்கொள்ளுங்கள்.

வைரஸைத் தோட்டம் முழுக்கச் சுமப்பது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. அதற்குக் கொழுந்துதான் வேண்டும். ஆகவே துளிர் விடும் நேரத்தில் மட்டும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடித்தால் போதும். பூ நேரத்தில் பூச்சிமருந்து கூடவே கூடாது. தேனீ செத்தால் மகசூலும் குறையும்.

காசைப் போட வேண்டிய இடம் நாற்றுதான். இந்த வைரஸ் விதை வழியாகப் பரவாது. ஒட்டு, பதியன் வழியாக வரும், திறந்தவெளி நாற்றங்காலில் அசுவினி மூலமும் வரும். அதனால் பூச்சி புகாத வலைக்கூடாரத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். பெரியகுளத்தின் பி.கே.எம்.1 நம் பக்கத்துக்குப் பழகிய ரகம். கன்று மலிவு என்று வாசலில் வரும் வண்டியில் மட்டும் வாங்கிவிடாதீர்கள். காய்ந்த மரத்தை எடுத்த குழியிலேயே நட்டால், சுற்றியுள்ள நோய் மரங்களிலிருந்து அசுவினி முதல் துளிரிலேயே வந்து உட்காரும். முடிந்தவரை தள்ளித் தனிப் பாத்தியாக நடுங்கள். முதல் இரண்டு வருஷம் ஒவ்வொரு துளிருக்கும் கன்றுகளைப் போய்ப் பார்த்து வாருங்கள்.