கணக்குப் படித்தவருக்கு மாட்டுச் சந்தையில் என்ன வேலை?

வணிகமும் மக்கள் நடந்துகொள்ளும் விதமும் நோய்ப் பரவலை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய அமெரிக்காவில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது, சென்னையில் கணிதம் மட்டும் படித்த நான் சமாளிப்பேனா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. சமாளிப்பீர்கள். கணக்கில் உங்களுக்குக் குறை வராது. அந்தக் கணக்குக்குள் மனிதர்களைக் கொண்டுவரச் சொல்வார்கள், அங்கேதான் எல்லோரும் திணறுகிறோம்.

நோய்ப் பரவலுக்கு எழுதும் எளிய சமன்பாடுகளில் ஒருவர் இன்னொருவரைச் சந்திக்கும் வீதம் மாறாது. நிஜத்தில் அப்படியா? 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25ஆம் தேதி கோயம்பேட்டில் கூடிய கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். தொற்றைத் தடுக்கப் போட்ட உத்தரவு முதலில் கூட்டத்தைத்தான் சேர்த்தது. மே 5இல் மார்க்கெட்டை மூடினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பிய கூலியாட்கள், வியாபாரிகள் வழியே கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று தொற்று போனது. இதைத் துறைக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள். அவர்கள் பிரிட்டனில் 2001இல் பரவிய கோமாரியை உதாரணம் காட்டுவார்கள். அதுவும் இதே கதைதான்: நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே லாங்டவுன் போன்ற சந்தைகளில் கைமாறிய ஆடுகள் அதைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோய்விட்டன.

நான் இருப்பது கால்நடை நோய்ப் பக்கம். ஏலக் கூடத்தில் காதில் எண் மாட்டிய மாடு உள்ளே வரும், ஒரு சுற்று சுற்றும், அதற்குள் விற்றுப்போகும். ஏலம் விடுபவரின் ஆங்கிலம் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. (பக்கத்தில் இருப்பவருக்கும் பாதிதான் புரியும், கவலைப்படாதீர்கள்.) அங்கே ஒருவரிடம் “மாட்டுக்கு நோய் வந்தால் அரசுக்குச் சொல்வீர்களா?” என்று நேராகக் கேட்டால், ஆமாம் என்பார். விலை, தீவனச் செலவு என்று பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும்: நோய் வந்த மாட்டுக்கு அரசு தரும் நஷ்டஈடு சந்தை விலையைவிடக் குறைவு என்றால், சந்தேகமான மாட்டை முதலில் தள்ளிவிடத்தான் தோன்றும். அந்தத் தயக்கத்தைத்தான் நீங்கள் சமன்பாட்டில் எழுதப்போகிறீர்கள். இப்படிப் பேட்டி எடுக்கப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்குச் சீக்கிரமே விண்ணப்பியுங்கள்.

பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசும். பரவாயில்லை, கூப்பிடுங்கள். மரியாதைக்காக வாயை மூடி உட்கார்ந்தால், சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

அப்புறம் பணம். முதல் உதவித்தொகை பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வரும். வீட்டு முன்பணத்தை அதற்கு முன்பே கேட்பார்கள், அதற்கு ஊரிலிருந்தே ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். பொருளாதாரத் துறையில் ஒரு பாடம் எடுக்க விடுவாரா என்றும் பேராசிரியருக்கு இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.